நீரோ திறக்கவில்லை என்பதற்காக போர்மட் அடிக்காதீர்கள்!



நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் ஒரு பழைய கொம்பியூட்டரும் அலுமாரிக்குள் நாலைந்து கலியாண டிவிடியும் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் பரவாயில்லை, முழுக்க வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் ஊர்களில் கொம்பியூட்டருக்கு என்ன வருத்தம் வந்தாலும் ஒரே மருந்துதான். மெதுவாக ஓடுகிறதா? போர்மட். சத்தம் வரவில்லையா? போர்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லையா? போர்மட். சீடி ரைட் பண்ணுகிற நீரோ திறக்கவில்லையா? அதற்கும் போர்மட். காய்ச்சல் என்று போன ஆளுக்கும் கால் சுளுக்கு என்று போன ஆளுக்கும் ஒரே ஊசியைப் போடுகிற வைத்தியரிடம் பிள்ளையைக் கொண்டுபோவோமா? கொம்பியூட்டரை மட்டும் கொண்டுபோகிறோம். காசும் கொடுத்துவிட்டு, "ஜஸாக்கல்லாஹ் தம்பி" என்று சொல்லிவிட்டும் வருகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நீரோ என்று எழுதுவதால் அந்த ஜெர்மன் கம்பனியைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எந்த பிஸ்கட்டையும் ஒரு கம்பனிப் பெயரால் கூப்பிடுவது போல, எங்கள் ஊரில் சீடி, டிவிடி ரைட் பண்ணும் எல்லா மென்பொருளுக்கும் பெயர் நீரோதான். எங்கள் வழக்கு அந்தக் கம்பனியோடு இல்லை. எங்கள் பழக்கத்தோடு.

"சேர், சீடி காலமெல்லாம் போய்ட்டு. இப்ப யாரு நீரோ பாவிக்கிறாங்க?" என்று கேட்பீர்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறோம். 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு ஒரு பதினைந்து வருடம் எங்கள் வீட்டு நினைவுகள் எல்லாம் இறுவட்டில்தான் ஏறின. நிகாஹ், வலீமா, பிள்ளைகளின் பரிசளிப்பு விழா, வெளிநாட்டிலிருந்து வாப்பா அனுப்பிய வீடியோ, ஹஜ்ஜுக்குப் போகும்போது வழியனுப்பியது எல்லாம் ஒரு வெள்ளித் தட்டில் இருக்கின்றன. இப்போது வாங்கும் லெப்டொப்பில் டிவிடி போடும் இடமே இல்லை. ஆகவே அந்தத் தட்டைத் திறக்கவோ அதிலிருந்து கொப்பி எடுக்கவோ வேண்டுமென்றால், மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டொப்பைத்தான் துடைத்துப் போடுகிறோம். போட்டவுடன் மென்பொருள் திறக்காது. உடனே கடைக்குத் தூக்குகிறோம்.

கரையோர ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் கூடுதலாக விளங்கும். 2004 டிசம்பர் 26 அன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடல் வீட்டுக்குள் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அல்பங்களையும் கொண்டுபோனது. மௌத்தானவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் இருக்கின்றன. எங்கோ உள்ளூரில் இருந்த சொந்தக்காரர் வீட்டில் தப்பிக் கிடந்த ஒரு கலியாண வீடியோவில் ஒரு நிமிடம் வந்து போகிறவரைப் பார்ப்பதற்காகப் பத்துப் பேர் கூடியிருக்கும் வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மக்கள் மிஞ்சியதையும் ஒரு அரைமணித்தியால போர்மட்டில் அழிக்கலாமா?

போர்மட் என்றால் என்ன நடக்கிறது என்று பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை. விண்டோஸ் இருக்கும் சி ட்ரைவை முழுதாக வெறுமையாக்கி, புதிதாக விண்டோஸ் போடுவதுதான் அது. நீங்கள் டெஸ்க்டொப்பில் போட்டு வைத்த படம், டொகியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழமையாக அந்த சி ட்ரைவுக்குள்தான் இருக்கின்றன. கண் முன்னால் திரையில் தெரிவதால் டெஸ்க்டொப் தனி இடம் என்று நினைக்கிறோம். இல்லை. போர்மட் அடித்தால் அதுவும் போகும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே எதுவும் எழுதப்படாவிட்டால், சிலதை மீட்கலாம். புதிய விண்டோஸ் அதன் மேலேயே ஏறியிருந்தால் அந்த நம்பிக்கையும் குறைவு. எஸ்எஸ்டி என்றால் அனேகமாக ஒன்றும் மீளாது.

எங்களிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மௌத்தான மூத்தவாப்பா கிராஅத் ஓதிய பழைய கெசட் ஒன்றை யாரோ கொம்பியூட்டருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோப்பு டெஸ்க்டொப்பில் இருந்தது. ராத்தாமார் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சீடி ரைட் பண்ணிக் கொடுக்க உம்மா ஆசைப்பட்டிருக்கிறார். ரைட் பண்ணும் மென்பொருள் திறக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் "எல்லாம் சரி" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கெசட் அதற்கு முன்பே நாடா சிக்கி வீசப்பட்டுவிட்டது. மென்பொருள் இப்போது நன்றாகத் திறக்கிறது. ரைட் பண்ணுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

கடைக்காரப் பிள்ளையை மட்டும் ஏசிப் பிரயோசனம் இல்லை. "உள்ளுக்குள்ள முக்கியமான சாமான் ஏதும் இருக்கா?" என்று அவர் கேட்கவில்லை. "இதில மூத்தவாப்பாட ஓதல் இருக்கு, அத முதல்ல எடுத்து வைங்க" என்று வீட்டாரும் சொல்லவில்லை. பழுதைத் தேடினால் ஒரு மணித்தியாலமும் போகலாம், ஒரு நாளும் போகலாம். போர்மட்டுக்கு நேரமும் தெரியும், கூலியும் தெரியும். அதனால் அது இலகு. ஆனால் ஒருவர் தன் கொம்பியூட்டரைக் கையில் தந்தால் அது அமானிதம். பெட்டி மட்டும் அமானிதமில்லை, பெட்டிக்குள் இருப்பதும் அமானிதம். கேட்காமல் அழிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

சரி, போர்மட் அடிக்காமல் என்ன செய்வது? ரைட் பண்ணும் மென்பொருள் திறக்காமல் போவதற்குக் காரணங்கள் எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்களை விடக் கொஞ்சம்தான் கூட. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஐகனை இரண்டு தரம் அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? பல நேரம் மென்பொருள் ஏற்கனவே உள்ளே திறந்து சிக்கிக் கிடக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் அந்த மென்பொருளின் பெயர் இருந்தால் தெரிவுசெய்து "என்ட் டாஸ்க்" கொடுங்கள். பிறகு திறந்து பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் "ரீஸ்டார்ட்" கொடுங்கள். "ஷட் டவுன்" கொடுத்துப் போடுவது போதாது. விண்டோஸ் 8 இலிருந்து வந்த பாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் ஷட் டவுன் செய்தாலும் உள்ளே முழுதாகப் புதிதாய்த் தொடங்குவதில்லை. ரீஸ்டார்ட்தான் முழுதாகத் தொடங்கும்.

2. தட்டை வெளியே எடுங்கள். இந்த மென்பொருட்கள் திறக்கும்போதே ட்ரைவ் எங்கே, உள்ளே என்ன தட்டு என்று தேடும். கீறல் விழுந்த தட்டு ஒன்று உள்ளே கிடந்தால் அதை வாசிக்க முடியாமல் மென்பொருள் அப்படியே நின்றுவிடும். தட்டை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

3. திரையில் வருவதை வாசியுங்கள். இதைத்தான் ஆக வலியுறுத்திச் சொல்கிறோம். "வாசிப்பீராக" என்ற கட்டளையோடு வஹீ இறங்கத் தொடங்கிய மார்க்கத்தின் மக்கள், திரையில் வரும் இரண்டு வரியை வாசிக்காமல் ஓகே அழுத்திவிட்டு "என்னவோ வந்திச்சு, போய்ட்டு" என்று சொல்கிறோம். அது ஆங்கிலத்தில் வருவது எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. கையில் போன் இருக்கிறது அல்லவா? ஒரு படம் எடுங்கள். அந்த வரியை அப்படியே கூகுளில் தேடுங்கள். எம்எஸ்விசிபி, விசிரன்டைம் என்று தொடங்கும் பெயரோடு ஒரு டிஎல்எல் இல்லை என்று வந்தால், மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுதி உங்களிடம் இல்லை என்று அர்த்தம். மைக்ரோசொப்டின் தளத்திலேயே எடுத்துப் போடுங்கள். டிஎல்எல் தனியாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களின் பக்கமே போகாதீர்கள்.

4. வயதைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நீரோ 6 ஐயும் 7 ஐயும் விண்டோஸ் 10 இல் போட்டுவிட்டு "திறக்குதில்ல" என்றால் அது எப்படித் திறக்கும்? ஐகனில் வலது கிளிக் செய்து, ப்ரொபர்டீஸ் போய், கொம்பெடிபிலிட்டி என்ற பகுதியில் பழைய விண்டோஸைத் தெரிவு செய்து பார்க்கலாம். "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தும் பார்க்கலாம். சரிவந்தால் அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டால் மல்லுக்கட்டாமல் புதிய ஒன்றுக்கு மாறுங்கள்.

5. ட்ரைவ் இருக்கிறதா என்று பாருங்கள். டிவைஸ் மனேஜரைத் திறந்தால் டிவிடி ட்ரைவின் பெயர் அங்கே இருக்க வேண்டும். பெயரே இல்லையென்றால், கரண்டை முழுதாகக் கழற்றிவிட்டு, பெட்டியைத் திறந்து, ட்ரைவுக்குப் போகும் வயரை அழுத்திப் பாருங்கள். வருடக்கணக்காகத் தூசியில் கிடந்த பெட்டியில் வயர் தளர்வது சாதாரணம். பெயர் இருந்து மஞ்சள் அடையாளத்தோடு கோட் 19 அல்லது 39 என்று வந்தால் அது வேறு கதை. முன்பு போட்டுக் கழற்றிய ரைட்டிங் மென்பொருட்கள் ரெஜிஸ்ட்ரியில் அப்பர்பில்டர்ஸ், லோவர்பில்டர்ஸ் என்று இரண்டு பதிவுகளை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவற்றை நீக்கினால் ட்ரைவ் திரும்பி வரும். இதை வீட்டில் எல்லோரும் செய்ய வேண்டாம். தெரிந்த ஒருவரிடம் இந்தப் பெயரைச் சொல்லி, ரெஜிஸ்ட்ரியை பெக்கப் எடுத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

6. கடைசியாக, மென்பொருளை முறையாகக் கழற்றி, ரீஸ்டார்ட் கொடுத்து, திரும்பப் போடுங்கள். ஒரு மென்பொருள் பழுதென்றால் அந்த ஒன்றைத்தான் கழற்ற வேண்டும். ஜன்னல் திறக்கவில்லை என்று யாராவது வீட்டை இடிப்பார்களா?

இந்த ஆறில் எத்தனைக்கு போர்மட் மருந்து என்று பாருங்கள். வயர் தளர்ந்திருந்தால் போர்மட் அடித்தும் தளர்ந்தே இருக்கும். தட்டு கீறலாக இருந்தால் போர்மட் கீறலை மாற்றாது. பழைய நீரோவையே திரும்பப் போட்டால் பழைய நோயே திரும்ப வரும். ஏதோ சிலவற்றுக்கு போர்மட் அடித்தால் சரிவரும்தான். ஆனால் என்ன விலைக்கு?

இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் சிலருக்குக் கோபம் வரும் என்று முன்பே சொன்னோம்.

க்ரெக்.

எங்கள் வீடுகளில் இருக்கும் ரைட்டிங் மென்பொருளில் காசு கொடுத்து வாங்கியது எத்தனை? யாரோ கொடுத்த சொஃப்ட்வெயார் டிவிடி ஒன்றிலிருந்து போட்டு, அதற்குள் இருக்கும் க்ரெக் என்ற போல்டரிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேலே ஒட்டி, "அன்டிவைரஸை ஓப் பண்ணிட்டுப் போடுங்க" என்று எழுதியிருப்பதையும் கேட்டு நடந்து... பிறகு ஒரு நாள் விண்டோஸ் டிபென்டர் விழித்துக்கொண்டு அந்தக் கோப்பைத் தூக்கிவிடும். ஐகன் இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. அழுத்தினால் எப்படித் திறக்கும்? "வைரஸ் கார்டால வந்த பிரச்சின" என்று அப்போதும் காவல்காரனைத்தான் ஏசுகிறோம், கள்வனை அல்ல.

2018 முதல் பரவிய ஸ்டொப் என்ற ரென்சம்வெயாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பெரிய கம்பனிகளைத் தேடிப் போகவில்லை. க்ரெக் தேடி வருகிற வீட்டுப் பாவனையாளர்களின் மடியில் வந்து விழுந்தது. க்ரெக், கீஜென் கோப்புகளோடுதான் பெரும்பாலும் பரவியது. படம், வீடியோ, கடிதம் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டொலர் கேட்டது, 72 மணித்தியாலத்துக்குள் தந்தால் பாதி என்றது. 2019 ஒக்டோபரில் எம்சிசொப்ட் நிறுவனம் இலவசத் திறப்பு ஒன்றை வெளியிட்டது. பழைய வகைகள் பலவற்றுக்கு அது உதவியது. பிறகு வந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு உதவாது. இலவசமாகக் கிடைத்த க்ரெக்குக்காகக் கலியாண வீடியோவைக் கொடுத்த குடும்பங்கள் உலகமெங்கும் இருக்கின்றன.

மார்க்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேக்கரியில் ஒரு பணிசைச் சொல்லாமல் எடுத்தால் ஹராம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பிள்ளையின் முன்னால் இருந்து க்ரெக் போடுகிறோம். 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, எழுதியவர், கண்டுபிடித்தவர் உரிமைகள் மார்க்கத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் கைவைக்கக் கூடாது என்று தீர்மானித்தது. நாட்டுச் சட்டமும் அப்படித்தான். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பயான் சீடியை க்ரெக் நீரோவில் ரைட் பண்ணி தஃவா செய்கிறோம் என்று சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"ஒரிஜினல் வாங்கக் காசு எங்க சேர்?" நியாயமான கேள்வி. அரிசி விலையோடு மல்லுக்கட்டும் வீட்டுக்கு மென்பொருள் வாங்கச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு ஈவிரக்கம் இல்லாமல் போகவில்லை. ஆனால் இந்த விடயத்தில் காசே தேவையில்லை! சாதாரணக் கோப்புகளை சீடி, டிவிடிக்கு ஏற்ற விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. சீடிக்கு எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. விண்டோஸ் 7 இலிருந்து ஐஎஸ்ஓ கோப்பையும் வலது கிளிக் செய்து நேரடியாக ரைட் பண்ணலாம். கலியாண டிவிடியை அப்படியே இன்னொரு டிவிடிக்குக் கொப்பி எடுக்க இம்ஜ்பேர்ன் இருக்கிறது. 2013 இல் வந்த 2.5.8.0 தான் அதன் கடைசிப் பதிப்பு, இலவசம். சீடிபேர்னர் எக்ஸ்பி என்ற ஒன்றும் இருக்கிறது, அதுவும் இலவசம். இவற்றைப் போடும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று கண்ணை மூடி அழுத்தாதீர்கள். இடையில் வேறு தேவையில்லாத சாமான்களையும் சேர்த்துப் போடக் கேட்கலாம். வாசித்து, வேண்டாம் என்று சொல்லுங்கள். திரும்பவும் வாசிப்புத்தான்!

பாடசாலை பற்றியும் சொல்லத்தான் வேண்டும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் ஏ எடுத்த பிள்ளைகள் இருக்கும் வீட்டிலிருந்துதான் கொம்பியூட்டர் கடைக்குப் போகிறது. துவித எண்ணைத் தசம எண்ணாக மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு டாஸ்க் மனேஜர் திறக்கத் தெரியாதென்றால், பிள்ளையில் பிழை இல்லை. வினாத்தாளில் வருவதை மட்டும் படிப்பியுங்கள், புள்ளி வந்தால் போதும் என்று பாடசாலைகளை நெருக்குகிற எங்கள் எதிர்பார்ப்பில்தான் பிழை. பெற்றோர் கூட்டத்தில் "எத்தனை ஏ?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இவன் ஒரு பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பானா?" என்றும் கேளுங்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் இவைதான்.

கொம்பியூட்டரைக் கடைக்குக் கொண்டுபோக முன், முக்கியமானவற்றை ஒரு பென் ட்ரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் கடையில் வாய் திறந்து சொல்லுங்கள்: "என்னைக் கேட்காம போர்மட் அடிக்கக் கூடாது." ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் ஒட்டினாலும் குற்றமில்லை.

கடை வைத்திருக்கும் தம்பிமாரே, உங்கள் உழைப்பை மதிக்கிறோம். பழுதைத் தேடுவதற்குக் கூலி கேளுங்கள், தருவது எங்கள் கடமை. "தேடிப் பார்க்க இவ்வளவு, போர்மட்டுக்கு இவ்வளவு" என்று வேறு வேறாகச் சொல்லுங்கள். அழிக்க முன் கேளுங்கள்.

அலுமாரியில் இருக்கும் தட்டுகளை இந்த விடுமுறைக்குள் வெளியே எடுங்கள். ரைட் பண்ணிய தட்டு சாகாவரம் பெற்றதல்ல. அதற்குள் இருப்பது ஒரு சாயப் படை. வெயிலும் சூடும் எங்கள் கரையோர ஈரக்காற்றும் அதை மெல்ல மெல்லத் தின்னும். கலியாணப் படக்காரர் அழகுக்கு ஒட்டிய தாள் லேபலை உரிக்க வேண்டாம். சீடியில் லேபல் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் பதிவு இருக்கிறது, உரித்தால் அதுவும் சேர்ந்து வரும். மெதுவாகத் துடைத்து, ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அன்றைக்கே கொப்பி எடுங்கள். ஒரு கொப்பி வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில். கடல் வந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ஓஎல், ஏஎல் எழுதிவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளே, ஊரில் வயசாளிகள் இருக்கும் வீட்டுக்குப் போங்கள். மேலே சொன்ன ஆறையும் பார்த்து, அவர்களின் தட்டைக் கொப்பி எடுத்துக் கொடுங்கள். அந்த மூத்தம்மாவின் ஒரு துஆ உங்கள் பெறுபேற்றுக்கு மேல் பெறுமதி.

உங்கள் வீட்டில் இப்படி மென்பொருள் திறக்காமல் நின்றால், திரையில் வருவதைப் படம் எடுத்துக் கீழே கொமென்டில் போடுங்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். "போர்மட் அடிங்க" என்று மட்டும் எவரும் எழுத வேண்டாம்.

பிரயோசனம் என்று பட்டால் ஊர் குரூப்களில் பகிருங்கள். அல்லாஹ் எங்கள் எல்லோருடைய அமானிதங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.